மாணிக்தலா தோட்டத்து மாணவர்கள்: 1908 வெடிகுண்டு விசாரணையில் போலீஸ் கண்டதும் காணத் தவறியதும்

1907 டிசம்பர் 6 அன்று, வங்காளத்தின் மிட்னாப்பூர் மாவட்டத்தில் நாராயண்கட் அருகே, லெப்டினன்ட் கவர்னர் சர் ஆண்ட்ரூ ஃப்ரேசர் பயணம் செய்த ரயிலுக்கு அடியில் கண்ணிவெடி வெடித்தது. தண்டவாளம் சேதமானது, ஃப்ரேசர் தப்பினார். சிறிது காலத்தில் போலீஸ் குற்றவாளிகளைப் பிடித்துவிட்டதாக அறிவித்தது. பிடிபட்டவர்கள் ரயில் பாதையில் வேலை செய்த கூலித் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து வாக்குமூலமும் பெறப்பட்டது. நீதிமன்றம் அதை நம்பியது. சிலர் சிறைக்குப் போனார்கள்.

அந்தத் தொழிலாளர்களுக்கும் கண்ணிவெடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைச் செய்தவர் உல்லாஸ்கர் தத் என்ற இளைஞர், கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படித்தவர், பேராசிரியர் ஒருவரின் மகன். ஐந்து மாதங்கள் கழித்து உல்லாஸ்கரின் குழுவினர் தாங்களாகவே ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இல்லாவிட்டால் அந்தக் கூலிகள் தண்டனையை முழுதாக அனுபவித்திருப்பார்கள். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு என்று வரலாற்றில் பெயர் பெற்ற விசாரணையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் தலைவர்களில் தொடங்குவார்கள். இந்தப் பெயரற்ற தொழிலாளர்களில் தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். அடித்துக் கேட்டால் ஏதாவது சொல்லக்கூடிய ஏழையிடம் ஓடுவது அன்றைய போலீஸுக்குப் பழகிய வழி. கல்லூரி வாசலில் நிற்கும் பையனை வெடிமருந்தோடு சேர்த்துப் பார்க்க அந்த நிர்வாகம் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது.

மாணவர்கள் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணங்கள் இருந்தன. 1905 அக்டோபர் 16 அன்று வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அந்நியத் துணி மறியலில் முன்னால் நின்றவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள். அரசு அவர்களிடம் நேராகப் பேசவில்லை. அவர்களுடைய பள்ளிகளை மிரட்டியது. கார்லைல் சுற்றறிக்கை என்று பெயர் பெற்ற உத்தரவு, அரசியலில் இறங்கும் மாணவர்களைக் கட்டுப்படுத்தாத கல்வி நிலையங்களின் மானியத்தில் கைவைக்கப் போவதாக எச்சரித்தது. அதற்குப் பதிலாக எழுந்ததே தேசியக் கல்வி இயக்கம். 1906 ஆகஸ்டில் வங்காள தேசியக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றவர் அரவிந்த கோஷ். பள்ளியை விட்டு விரட்டப்பட்ட பையன்கள் போக ஓர் இடம் கிடைத்தது. சிலர் அதையும் தாண்டிப் போனார்கள்.

1907 ஆகஸ்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கதையின் திருப்புமுனை. ‘வந்தே மாதரம்’ பத்திரிகை வழக்கு நடந்த நீதிமன்றத்துக்கு வெளியே கூடியிருந்தவர்களைப் போலீஸ் தடியால் விரட்டியது. சுசீல் சென் என்ற 15 வயது மாணவன் ஓர் ஐரோப்பிய அதிகாரியைத் திருப்பி அடித்தான். கல்கத்தாவின் தலைமை மாஜிஸ்திரேட் டக்ளஸ் கிங்ஸ்ஃபோர்டு அந்தப் பையனுக்கு 15 கசையடி விதித்தார். மறுநாள் நகரத்து மாணவர்கள் அவனை ஒரு வீரனாகக் கொண்டாடினார்கள். கிங்ஸ்ஃபோர்டின் பெயர் கொலைப் பட்டியலில் ஏறியது அந்தக் கசையடியால்தான்.

கல்கத்தாவின் வடகிழக்கே மாணிக்தலா பகுதியில், முராரிபுகூர் சாலையில், அரவிந்தரின் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பழைய தோட்டம் இருந்தது. அரவிந்தரின் தம்பி பாரீந்திர குமார் கோஷ் அங்கே இளைஞர்களைத் திரட்டினார். காலையில் தியானம், பிறகு கீதையும் உபநிடதமும். பாடம் நடத்தியவர் பள்ளி ஆசிரியராக இருந்த உபேந்திரநாத் பந்தோபாத்யாய. அதே தோட்டத்தில் துப்பாக்கிப் பயிற்சியும் வெடிமருந்துச் சோதனையும் நடந்தன. பிரெசிடென்சி கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த நளினிகாந்த குப்தா போன்றவர்களுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பக்தியும் வெடிமருந்தும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைப் பின்னாளில் அரசுத் தரப்பு ஒரு வேஷமாகச் சித்திரிக்கப் பார்த்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பையன்கள் இரண்டையும் ஒரே தீவிரத்தோடு நம்பினார்கள். அதனால்தான் அவர்களுடைய முடிவு இவ்வளவு கொடியதாக இருந்தது.

அவர்களுடைய தொழில்நுட்பம் முதலில் மிகவும் அரைகுறையானது. உல்லாஸ்கர் தானாகவே படித்து, வீட்டில் பரிசோதனை செய்து கற்றுக்கொண்டவர். 1908 தொடக்கத்தில் தேவ்கர் அருகே திகிரியா குன்றில் ஒரு குண்டைச் சோதித்தபோது, ரங்கபூரைச் சேர்ந்த பிரபுல்ல சக்கரவர்த்தி அந்த இடத்திலேயே இறந்தார். உல்லாஸ்கர் காயமடைந்தார். சடலத்தைக் குன்றிலேயே விட்டுவிட்டு நண்பர்கள் திரும்பினார்கள். இந்த மரணம் அப்போது போலீஸ் காதுக்கு எட்டவே இல்லை.

அந்த அரைகுறை வேலையை மாற்றியவர் மிட்னாப்பூரைச் சேர்ந்த ஹேமச்சந்திர தாஸ், பின்னாளில் கானுங்கோ என்று அறியப்பட்டவர். தன் சொத்தை விற்ற பணத்தில் 1906இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, பாரிஸில் தங்கியிருந்த ரஷ்யப் புரட்சியாளர்களிடம் முறையாகப் பாடம் கேட்டுவிட்டு 1908 தொடக்கத்தில் திரும்பினார். அவரோடு வெடிகுண்டு செய்முறைக் கையேடு ஒன்றும் வந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஹேமச்சந்திரர் திரும்பி வந்து செய்தவற்றுள் ஒன்று ஒரு புத்தகம். ஹெர்பர்ட் புரூம் எழுதிய கனத்த சட்ட நூல் ஒன்றின் பக்கங்களை நடுவில் வெட்டிக் குழியாக்கி, ஒரு கோகோ தகர டப்பாவில் வெடிபொருளை அடைத்து, புத்தகத்தைத் திறந்தால் வெடிக்கும்படி அமைத்தார். கட்டிய பொட்டலம் கிங்ஸ்ஃபோர்டின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ இரவல் வாங்கியதைத் திருப்பித் தந்திருக்கிறார்கள் என்று எண்ணிய கிங்ஸ்ஃபோர்டு, பிரிக்காமலே எடுத்து வைத்துவிட்டார். பீகாரின் முசாபர்பூருக்கு மாவட்ட நீதிபதியாக மாற்றலாகிப் போனபோது அதுவும் மற்றச் சாமான்களோடு பயணம் செய்தது. அடுத்த ஆண்டுதான் போலீஸ் அதைக் கண்டெடுத்தது. கொலை முயற்சி ஒன்று நடந்ததே, உரியவருக்கும் தெரியாமல் போலீஸுக்கும் தெரியாமல், அத்தனை மாதங்கள் ஒரு வீட்டுக்குள் கிடந்திருக்கிறது.

புத்தகம் வெடிக்காததால் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். 1908 ஏப்ரல் 30 இரவு, முசாபர்பூரில் ஐரோப்பியர் கிளப்பிலிருந்து வந்த ஒரு குதிரை வண்டியின் மீது குதிராம் போஸும் பிரபுல்ல சாக்கியும் குண்டு வீசினார்கள். அதில் கிங்ஸ்ஃபோர்டு இல்லை. வழக்கறிஞர் பிரிங்கிள் கென்னடியின் மனைவியும் மகளும் இருந்தார்கள்; இருவரும் இறந்தார்கள். அந்தப் பெண்களுக்கும் சுசீல் சென்னின் கசையடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குதிராமை நேசிக்கும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. நானும் போக விரும்பவில்லை.

மறுநாள் குதிராம் வைனி ரயில் நிலையத்தில் பிடிபட்டார். அவருக்கு வயது 18. பிரபுல்ல சாக்கி, ரயிலில் உடன் பயணம் செய்த சப்-இன்ஸ்பெக்டர் நந்தலால் பானர்ஜியின் சந்தேகத்துக்கு ஆளாகி, மொகாமா நிலையத்தில் சுற்றிவளைக்கப்பட்டபோது தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். இறந்தவரின் உண்மைப் பெயர் போலீஸுக்குத் தெரியவில்லை. கூட வந்த குதிராமுக்கும் அவரைத் தினேஷ் என்ற புனைபெயரில்தான் தெரியும். அடையாளம் காண்பதற்காகப் பிரபுல்லரின் தலையைத் துண்டித்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

கல்கத்தா போலீஸ் அதற்கு முன்பே முராரிபுகூர் தோட்டத்தைக் கண்காணித்துவந்தது. ஆனால் எப்போது உள்ளே நுழைவது என்ற முடிவை முசாபர்பூர் குண்டுதான் எடுத்துக்கொடுத்தது. மே 1 அன்று மாலையில் ‘எம்பயர்’ பத்திரிகையில், குற்றவாளிகள் யார் என்று போலீஸ் கமிஷனருக்குத் தெரியும், விரைவில் கைதுகள் நடக்கும் என்று செய்தி வந்தது. எச்சரிக்கை அச்சாகிக் கையில் கிடைத்த பிறகும் தோட்டத்துப் பையன்கள் ஓடவில்லை. ஆயுதங்களை மண்ணில் புதைத்தார்கள். காகிதங்களை எரிக்க முயன்றார்கள். விடிந்ததும் கலைந்துபோகலாம் என்று படுத்தார்கள். மே 2 விடிவதற்கு முன்பே போலீஸ் வந்துவிட்டது. தோட்டத்தில் மட்டும் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். அதே நேரத்தில் கோபி மோகன் தத் சந்து, ராஜா நவகிருஷ்ணா தெரு, ஹாரிசன் சாலை, கிரே தெரு என்று நகரின் பல இடங்களில் சோதனை நடந்தது. ஹாரிசன் சாலையில் ஒரு கவிராஜரின் (ஆயுர்வேத வைத்தியரின்) மருந்துக் கடையில் உல்லாஸ்கர் விட்டுச்சென்ற பெட்டிகளில் வெடிபொருள்கள் இருந்தன. கடைக்காரச் சகோதரர்களும் கைதானார்கள்.

அரவிந்தர் தங்கியிருந்த கிரே தெரு வீட்டில் நடந்த சோதனையைப் பற்றி அவரே பின்னாளில் தம் சிறை அனுபவக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். படுக்கையிலிருந்து எழுப்பி, கைவிலங்கிட்டு, இடுப்பில் கயிறும் கட்டினார்கள். வெறுந்தரையில் படுத்திருந்த படித்த மனிதரைப் பார்த்துச் சோதனைக்கு வந்த கிரேகன் என்ற அதிகாரி, இப்படி வாழ்வது வெட்கமாக இல்லையா என்று கேட்டாராம். வீட்டில் ஒரு சிறு அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குள் தட்சிணேசுவரத்து மண், பக்தியோடு எடுத்துவைத்தது. கிளார்க் என்ற அதிகாரி அந்த மண்ணை நெடுநேரம் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தார். புதுவகை வெடிமருந்தோ என்பது அவருடைய ஐயம். கடைசியில் அது மண்தான் என்று முடிவானது. முராரிபுகூரில் மண்ணைத் தோண்டினால் குண்டு கிடைத்தது. கிரே தெருவில் மண்ணே குண்டாகத் தெரிந்தது. அந்தக் காலையிலிருந்து வழக்கு முழுவதற்கும் இதுதான் சிக்கல். பொருள் கிடைத்த இடத்தில் போலீஸின் கை ஓங்கியிருந்தது. பொருள் இல்லாத இடத்தில் சந்தேகத்தைக் கொண்டு சாட்சியம் கட்ட வேண்டியிருந்தது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டப்படி, போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. கைதி சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். முழு வாக்குமூலம் வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிவாக வேண்டும். அடித்து வாங்கும் வாக்குமூலத்துக்கு எதிராக ஆங்கிலேயரே போட்ட வேலி இது. நாராயண்கட் கூலிகளை அந்த வேலி காப்பாற்றவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

முராரிபுகூரில் போலீஸுக்கு அந்தச் சிரமமே ஏற்படவில்லை. புதைத்த இடங்களைப் பாரீந்திரர் தாமே காட்டினார். மாஜிஸ்திரேட் லியனார்ட் பிர்லி முன் பாரீந்திரர், உல்லாஸ்கர், உபேந்திரநாத் முதலியோர் விரிவான வாக்குமூலம் தந்தார்கள். நாராயண்கட் ரயில் முயற்சியும் அதில் இருந்தது. கூலிகளுக்கு விடுதலை கிடைத்ததற்கு அதுவே காரணம். தங்கள் பணி முடிந்துவிட்டது, நாடு இதை அறியட்டும், சம்பந்தமில்லாதவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது பாரீந்திரரின் எண்ணம். அனுபவம் மிகுந்த ஹேமச்சந்திரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் செய்ததே சரி என்று தோன்றுகிறது. பாரீந்திரரின் பெருந்தன்மை சிலரை விடுவித்தது. வேறு சிலரின் பெயர்களைப் போலீஸின் கையில் கொடுத்தது. பின்னர் வாக்குமூலங்கள் திரும்பப் பெறப்பட்டாலும், தோண்டி எடுத்த பொருள்கள் அவற்றுக்குத் துணை நின்றன.

அரவிந்தருக்கு எதிராகத்தான் அரசுக்கு ஆதாரம் தேவைப்பட்டது. அதற்கு ஓர் அப்ரூவர் கிடைத்தார். ஸ்ரீராம்பூர் நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்த நரேந்திரநாத் கோசாயி, மன்னிப்புக்கு ஈடாகத் தன் நண்பர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். பிர்லி முன் சொல்லவும் தொடங்கினார். 1908 ஆகஸ்ட் 31 அன்று அலிப்பூர் சிறைக்குள்ளேயே கனாய்லால் தத்தும் சத்யேந்திரநாத் போஸும் கடத்திவரப்பட்ட ரிவால்வர்களால் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் அந்த நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் கொலையைத் துரோகத்துக்குப் பழி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதன் சட்ட விளைவு அதைவிடப் பெரியது. எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு உட்படாமலே சாட்சி இறந்துவிட்டதால், அவர் சொன்னதைச் செஷன்ஸ் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அரவிந்தரை நேரடியாகக் கைகாட்டியிருக்கக்கூடிய குரல் இல்லாமல் போனது.

மிஞ்சியது காகிதம். அதைக் கையாள அரசு அமர்த்தியவர் நம் சென்னைக்கு நன்கு அறிமுகமான எர்ட்லி நார்ட்டன். சென்னை உயர்நீதிமன்றத்தில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர். காங்கிரஸின் தொடக்க ஆண்டுகளில் இந்தியர்களின் உரிமைக்காக மேடையேறியவர். கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு இந்த வழக்கில் அரசுக்காக நின்றார். 206 சாட்சிகள், ஏறத்தாழ 4000 ஆவணங்கள், வெடிகுண்டு முதல் நோட்டுப் புத்தகம் வரை குவிந்த தடயப் பொருள்கள். இவற்றைக் கோத்து, பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக ஒரே கதை சொல்ல வேண்டும். அந்தக் கதைக்கு அரவிந்தர் தலைவராக வேண்டும்.

அதற்கு நார்ட்டன் பெரிதும் நம்பிய காகிதங்களில் ஒன்று, 1907 டிசம்பர் 27 தேதியிட்டு, பாரீந்திரர் அண்ணனுக்கு எழுதியதாகக் காட்டப்பட்ட கடிதம். நெருக்கடிக்கு உதவும்படி இந்தியா முழுவதும் ‘இனிப்புகளை’ தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இனிப்பு என்றால் குண்டு என்றது அரசுத் தரப்பு. அரவிந்தருக்காக வாதாடிய சித்தரஞ்சன் தாஸ் அந்தக் கடிதத்தையே கேள்விக்குள்ளாக்கினார். அந்தத் தேதியில் அண்ணனும் தம்பியும் காங்கிரஸ் மாநாட்டுக்காக ஒரே ஊரில், சூரத்தில் இருந்தார்கள்; பக்கத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம்? வங்காளக் குடும்பத்தில் எந்தத் தம்பி அண்ணனுக்கு முழுப் பெயரில் கையெழுத்திடுவான்? செஷன்ஸ் நீதிபதி பீச்கிராஃப்ட் அந்தக் கடிதத்தை நம்பித் தண்டிக்க மறுத்தார். உளவாளிகள் ஈடுபடும் வழக்குகளில் சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் வீட்டில் ஆவணங்கள் விளக்க முடியாத வழிகளில் வந்து சேர்வதுண்டு என்ற பொருள்பட அவர் எழுதினார். இந்த பீச்கிராஃப்டும் அரவிந்தரும் 1890இல் ஐ.சி.எஸ். தேர்வை ஒன்றாக எழுதியவர்கள். கிரேக்க மொழியில் அரவிந்தர் முதலிடம், பீச்கிராஃப்ட் இரண்டாமிடம். நீதிபதிகளின் நேர்மையைப் பற்றி எளிதில் உருகிப் பேசுபவன் அல்ல நான். ஆனால் 1909இன் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேய நீதிபதி, போலீஸ் கொண்டுவந்த காகிதத்தை இப்படிச் சந்தேகித்தது துணிவுதான்.

1909 மே 6 அன்று தீர்ப்பு வந்தது. பாரீந்திரருக்கும் உல்லாஸ்கருக்கும் தூக்கு. ஹேமச்சந்திரர், உபேந்திரநாத் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் முழுவதும் தீவாந்தர சிட்சை (நாடுகடத்தல்). வேறு சிலருக்குக் குறைந்த தண்டனை. அரவிந்தரும் நளினிகாந்தரும் உட்பட 17 பேர் விடுதலை. அந்த நவம்பரில், தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் அமர்ந்த உயர்நீதிமன்ற அமர்வு தூக்குத் தண்டனைகளை ஆயுள் தண்டனையாக மாற்றியது. கசையடி வாங்கிய சுசீல் சென்னும் இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவன். செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டில் விடுதலையானான்.

தோண்டி எடுத்ததை வைத்துப் போலீஸ் வென்றது. எழுதி வைத்ததையும் பேசியதையும் கொண்டு ஒரு சிந்தனையாளரைக் கட்டிப்போட முயன்றபோது தோற்றது. இதிலிருந்து சாட்சியத்தை இன்னும் நேர்மையாகத் திரட்ட வேண்டும் என்ற பாடத்தை அரசு கற்றிருக்கலாம். அது கற்றது வேறு. வழக்கு சூடு பிடிப்பதற்கு முன்பே, சோதனை நடந்து ஐந்து வாரங்களே கடந்திருந்த நிலையில், 1908 ஜூன் 8 அன்று இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் நிறைவேறின. ஒன்று பத்திரிகைகளின் அச்சகங்களைப் பறிமுதல் செய்ய வழிசெய்தது. மற்றொன்று வெடிபொருள்கள் சட்டம். அதன் 5ஆவது பிரிவு, நியாயமான சந்தேகம் எழும் சூழ்நிலையில் ஒருவரிடம் வெடிபொருள் இருந்தால், அது சட்டப்படியான நோக்கத்துக்கானது என்று அவரே காட்ட வேண்டும் என்கிறது. வெடிபொருள் என்பதற்குள் அதைச் செய்வதற்கான மூலப்பொருள்களும் கருவிகளும் அடங்கும். வேதியியல் மாணவன் ஒருவனின் அலமாரியை நினைத்துப் பார்த்தால் இதன் வீச்சு புரியும். அந்த டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. இத்தகைய வழக்குகளை ஜூரி இல்லாமல் உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் விசாரிக்கவும், சங்கங்களைத் தடை செய்யவும் அது இடம் தந்தது. முசாபர்பூர் குண்டைப் பற்றித் தலையங்கம் எழுதிய திலகருக்கோ ஜூலையிலேயே ஆறு ஆண்டு தண்டனை கிடைத்துவிட்டது.

ஹேமச்சந்திரர் கொண்டுவந்த கையேட்டின் கதையும் இங்கேதான் சேர்கிறது. ரஷ்யப் புரட்சியாளர்களிடமிருந்து பெறப்பட்ட அதன் பிரதி முராரிபுகூரில் கிடைத்தது. 1909இல் நாசிக்கில் கணேஷ் சாவர்க்கரின் வீட்டைச் சோதித்தபோது அதே கையேடு அங்கேயும் இருந்தது. கல்கத்தாவில் நடப்பது வங்காளப் பையன்களின் தனி விவகாரம் என்ற எண்ணம் அதோடு உடைந்தது. மாகாணம்தோறும் தனித்தனியாக நடந்த துப்பறிதலை ஒன்றாகக் கோத்துப் பார்க்கும் பழக்கம் உளவுத்துறையில் வலுப்பட்டது. கல்லூரி விடுதி, மாணவர் சங்கம், உடற்பயிற்சிக் கூடம், வெளிநாடு போய்வந்த மாணவன் என்று கண்காணிப்பு விரிந்தது.

விசாரணை நடத்தியவர்களும் உயிரைக் கொடுத்தார்கள். நந்தலால் பானர்ஜி 1908 நவம்பரில் கல்கத்தாத் தெருவில் சுடப்பட்டார். அரசு வழக்கறிஞர் அசுதோஷ் பிஸ்வாஸ் 1909 பிப்ரவரியில் நீதிமன்ற வளாகத்தில் கொல்லப்பட்டார். ஆதாரங்களைத் திரட்டியதில் முக்கியப் பங்காற்றிய டெபுடி சூப்பரிண்டெண்டெண்ட் சம்சுல் ஆலம் 1910 ஜனவரி 24 அன்று உயர்நீதிமன்றக் கட்டடத்திலேயே ஓர் இளைஞனால் சுடப்பட்டு இறந்தார். மூவரும் இந்தியர்கள்.

தண்டனை பெற்றவர்கள் அந்தமான் செல்லுலர் சிறைக்குப் போனார்கள். அங்கே இந்துபூஷண் ராய் 1912இல் தூக்குப் போட்டு இறந்தார். வெயிலிலும் செக்கிலும் வதைபட்ட உல்லாஸ்கரின் மனநிலை குலைந்தது. அவரைச் சென்னை மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பாரீந்திரரும் ஹேமச்சந்திரரும் உல்லாஸ்கரும் 1920இல்தான் விடுதலையானார்கள். அதற்குள் அரவிந்தர் பாண்டிச்சேரிக்கு வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

1908இன் வெடிபொருள்கள் சட்டத்தைச் சுதந்திர இந்தியா ரத்து செய்யவில்லை. 2001இல் திருத்தி, தண்டனைகளைக் கூட்டியது. முராரிபுகூர் சோதனையின் சூட்டில் எழுதப்பட்ட அதன் 5ஆவது பிரிவு இன்றும் நம் நீதிமன்றங்களின் குற்றப்பத்திரிகைகளில் இடம்பெறுகிறது. சட்டப்படியான நோக்கம்தான் என்று காட்டும் சுமை இன்றும் பொருளை வைத்திருந்தவர் மீதே இருக்கிறது.